முப்பது டிகிரி காட்டிய பேட்டரி

என் மச்சினனை அந்த வண்டிக்கு அழைத்துக்கொண்டு போனது நான்தான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு வேறு யார் மேலும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

2006-ஆம் வருடம், மாசி மாதம். மரக்காணம் உப்பளத்தில் நான் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தேன். போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற டீசல் இன்ஜின். காலை ஆறு மணிக்குக் கிளப்பினால் பதினொன்றரை வரை ஓடும். ஒரு ஓலைக் கொட்டகை, உட்கார ஒரு காலி டீசல் டிரம், கம்பத்தில் தொங்கும் துணிப்பைக்குள் உப்புத் தண்ணீரின் பதம் பார்க்கிற டிகிரி மீட்டர். இதுதான் என் இடம். எட்டாவது வரை படித்தேன். எழுதப் படிக்கப் பிடிக்கும், பேச வராது. நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்பதற்கு நாற்பத்தைந்து வயதிலும் கூச்சம்.

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த சவுக்குத் தோப்பில் ஒருநாள் காலையில் ஒரு வெள்ளை வேன் நின்றது. வேன் என்று சொன்னால் போதாது. அதற்குள் கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, குழாய் இருந்தது, சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். தங்கள் ஊரிலிருந்து அந்த வண்டியிலேயே வந்தவர்கள். தோப்பு அமைதியாக இருக்கிறது, இரண்டு மாதம் இங்கேயே இருக்கப் போகிறோம் என்று ஊராரிடம் கேட்டு நிறுத்தியிருந்தார்கள்.

அவர்களுக்கு இருந்த ஒரே தொல்லை கரண்டு. வண்டிக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரி. விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் அதில்தான். பேட்டரியை நிரப்ப வண்டிக் கூரையில் ஒரு சோலார் பலகை உண்டு. ஆனால் தோப்புக்குள் ஏது வெயில்? வெயிலில் நிறுத்தினால் பலகை வேலை செய்யும், உள்ளே மனுஷர்கள் வெந்துபோவார்கள். நிழலில் நிறுத்தினால் மனுஷர்கள் பிழைப்பார்கள், பலகை செத்துப்போகும். விசிறி, விளக்கு இல்லாமல்கூட அவர்கள் இருந்துவிடுவார்கள். ஃபிரிட்ஜ் நிற்கக் கூடாது. அந்த அம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. தினம் போட்டுக்கொள்கிற ஊசி மருந்து அதற்குள் இருந்தது.

நான்காம் நாள் அந்த மனிதர் என் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வரப்பு மேலேயே நடந்து வந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடுகிற சக்கரத்தைக் காட்டினார். விரலைச் சுற்றிக் காட்டினார். பிறகு மேலே கையை வைத்துப் பல்பு எரிவதுபோல விரல்களை விரித்தார். இந்த இன்ஜினை வைத்துக் கரண்டு எடுக்க முடியுமா என்று கேட்கிறார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தலையை ஆட்டினேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். கிரீஸ் ஒட்டிய கை. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அந்த மனிதர் என்னை வேலை தெரிந்தவன் என்று தேடி வந்தார். அதுவரை என்னை யாரும் தேடி வந்ததில்லை. அவர் இந்தத் தோப்பில் இருக்கிற வரைக்கும் பேட்டரி என்றால் என்னைத்தான் நினைக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்கு ஆசை வந்துவிட்டது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இன்ஜினில் கரண்டு எடுக்க ஆல்டர்னேட்டர் வேண்டும். அது என் மச்சினனிடம்தான் இருந்தது. என் மனைவியின் தம்பி. கீழ்புத்துப்பட்டில் ரோட்டோரம் கடை வைத்து லாரி, வேன்களுக்கு ஒயரிங் வேலையும் பேட்டரி வேலையும் பார்த்தான். இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர் வீடுகளில் கொஞ்ச நாள் வேலை செய்ததில் இங்கிலீஷ் பேசுவான். சரியாகப் பேசுவானா என்று எனக்குத் தெரியாது. கூச்சப்படாமல் பேசுவான்.

"இன்னா மாமா, வெள்ளக்காரன்லாம் உன்ன தேடிக்கினு வர்றாங்களாமே?" என்று சிரித்துக்கொண்டே மொபெட்டில் வந்து இறங்கினான். பழைய லாரி ஆல்டர்னேட்டர் ஒன்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். அரை நாளில் அதை மரச்சட்டத்தில் பொருத்தி, என் இன்ஜின் சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டு ஓடவிட்டான். உப்பள முதலாளியிடம் நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த அனுமதியையும் அவனே போய் வாங்கி வந்தான். பிறகு வண்டிக்குப் போனோம். நான் முன்னால் நடந்தேன். அவன் பின்னால் வந்தான். திரும்பி வரும்போது அவனும் அந்த மனிதரும் முன்னால் பேசிக்கொண்டு நடந்தார்கள். நான் பேட்டரியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன்.

அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான். ஒருநாள் ஒரு பேட்டரி, மறுநாள் இன்னொன்று. நான் காலையில் தோப்புக்குப் போய்க் காலியானதை எடுத்து வந்து, இன்ஜின் ஓடுகிற வரைக்கும் ஏற்றி, மத்தியானம் கொண்டுபோய் மாட்டுவேன். உப்பளத்தில் காற்றே உப்பு. பித்தளை முனையில் இரண்டு நாளில் பச்சை பூத்துவிடும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவுவேன். இதெல்லாம் தினமும் செய்தது நான். மச்சினன் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருவான். மூடிகளைத் திறந்து டிஸ்டில் வாட்டர் ஊற்றுவான். ரப்பர் குமிழ் வைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சிப் பார்ப்பான். உள்ளே ஒரு மிதவை, அதில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டை. "பச்ச. சூப்பர்" என்பான். அந்த மனிதர் அவன் முதுகில் தட்டி, "மை ஃப்ரெண்ட்" என்பார். என்னைப் பார்த்துக் கை கூப்புவார்.

கை கூப்புவது மரியாதைதான். ஆனால் கோயில் வாசலில் நிற்கிற யாருக்கும் செய்கிற மரியாதை அது.

எனக்கு டீ வெளியே, மடக்கு நாற்காலியில் வரும். மச்சினனை உள்ளே கூப்பிடுவார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, ஏதோ அவன் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைவான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அந்த அம்மாளும் சிரிப்பார்கள். அவனுக்கு விரலில் ஒயர் கிழித்த அன்று அவர்களே மருந்து வைத்துக் கட்டினார்கள். எனக்குக் கால் முழுக்க உப்புத் தண்ணீர் அரித்த வெடிப்பு. அதை யார் பார்ப்பார்கள்?

இது எல்லாம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

"என் தம்பிய வண்டிக்குள்ளயே உக்கார வெச்சி சாப்பாடு போட்டாங்களாமே?" என்றாள் என் மனைவி.

"போட்டாங்க."

"உன்ன?"

"எனக்கு இன்ஜின்ல வேல இருந்துச்சி."

"அத்த கேக்கல. கூப்ட்டாங்களா, இல்லியா?"

நான் எழுந்துபோய்க் கை கழுவினேன். "பேசுனாதான கூப்புடுவாங்க. கம்பம் கணக்கா நின்னுக்கினு இருந்தா?" என்று அவள் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பங்குனி பிறந்ததும் மச்சினன் தன் மனைவி வீட்டுக் கல்யாணம் என்று திண்டிவனத்துக்குக் கிளம்பினான். மூன்று நாள். போகும் முன் கொட்டகைக்கு வந்தான். அந்த வெள்ளைக்கார வண்டிக்காரரும் கூட வந்தார்.

"மாமா, பெல்ட்ட போடு, கிளிப்ப மாட்டு, மணி ஆனா கழட்டு. அவ்ளோதான். மூடிய மட்டும் தொறக்காத, இன்னா? தண்ணி நான் வந்து ஊத்திக்கிறேன்."

பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரலை ஆட்டிச் சொன்னான். உடனே அந்த மனிதரிடம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக்கூட இருக்கலாம். ஆனால் அவன் மொபெட் சத்தம் ரோட்டில் மறைவதற்குள் என் கண் பேட்டரி மூடியிலேயே நின்றுவிட்டது. இருபது வருடமாகத் தண்ணீரைப் பார்க்கிறவன் நான். எது தேறியது, எது தேறவில்லை என்று அவனுடைய பொம்மைக் குழாய் எனக்குச் சொல்ல வேண்டுமா?

உப்பளத்தில் எல்லாமே டிகிரிதான். போரிலிருந்து வரும்போது தண்ணீர் எட்டு டிகிரியோ பத்தோ இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயக் காய ஏறும். இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு பூக்கும். அதுதான் பதம். அதற்கு மேல் போகவிட்டு முப்பது வந்துவிட்டால் தண்ணீர் கசந்துபோகும். அந்தத் தண்ணீரில் விளைகிற உப்பு வாயில் வைக்க விளங்காது. அப்படி ஆனால் கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, டிகிரி குறைந்த இளந்தண்ணீர் பாய்ச்சிப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை அளக்கிற மீட்டரும் கண்ணாடிக் குழாய்தான். கீழே ஈயக்குண்டு வைத்திருக்கும். ஒருபக்கம் அடைத்த பிளாஸ்டிக் பைப்பில் தண்ணீரை ஊற்றி அதை மிதக்கவிட்டால், எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் டிகிரி. பச்சை, வெள்ளை இல்லை. எண்ணோடு இருக்கும்.

அன்று மத்தியானம் இன்ஜின் நின்ற பிறகு, ஏறி முடித்திருந்த பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்தேன். மச்சினன் வைத்துவிட்டுப் போன ரப்பர் குமிழால் முதல் அறையிலிருந்து ஆசிட்டை உறிஞ்சி உறிஞ்சி என் பைப்பை நிரப்பினேன். டிகிரி மீட்டரை இறக்கினேன்.

முப்பது.

இரண்டாவது அறை, முப்பது. மூன்றாவது, முப்பது. ஆறும் அப்படித்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தினால் இல்லை. சந்தோஷத்தினால். பச்சை, சூப்பர் என்று அவன் இத்தனை நாள் அளந்ததன் லட்சணம் இதுதான். வேண்டிய நேரத்துக்கு மேல் ஓடவிட்டு, காயவைத்து, கசக்கவைத்திருக்கிறான். இப்படியே விட்டால் பேட்டரி என்னத்துக்கு ஆகும்?

ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆசிட்டைக் கொஞ்சம் எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினேன். கிளிஞ்சல் கலந்த மண். கொட்டிய இடம் புசுபுசுவென்று நுரைத்தது. எடுத்த அளவுக்கு, கொட்டகையில் அவன் வைத்திருந்த கேனிலிருந்து டிஸ்டில் வாட்டரை விட்டேன். குமிழால் கலக்கினேன். மறுபடி அளந்தேன். இருபத்தெட்டு. இன்னும் கொஞ்சம். இருபத்தாறு. ஆறு அறையும் இருபத்தைந்தில் வந்து நிற்கும்வரை விடவில்லை. மறுநாள் இரண்டாவது பேட்டரிக்கும் அதையே செய்தேன். அப்படி ஒரு கவனத்தோடு என் வாழ்க்கையில் எந்த வேலையையும் செய்ததில்லை. துவைக்கப் போட்ட லுங்கியை வெளியே எடுத்தபோது தொடைப்பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. "எலி கட்ச்சிடுச்சா இன்னா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் வண்டிக்காரர் வரப்பில் வேகமாக வந்தார். சட்டைப் பட்டன்கூடச் சரியாகப் போடவில்லை. வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். வாசல் பக்கத்தில் இருந்த மீட்டரின் முள்ளைக் காட்டினார். கீழே படுத்திருந்தது. ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. அந்த அம்மாள் மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரி இரண்டும் ஏற்றியவைதான். ஆனால் விடிவதற்குள் கையை விரித்துவிட்டன.

அவர் மச்சினன் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் எப்படிச் சொல்வது? அவ்வளவு நாள் என் நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. அவன் கெடுத்தது, நான் எவ்வளவு திருத்தியும் தேறவில்லை என்றுதான் மனதார நம்பினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மீனுக்குப் போடுகிற ஐஸை ஒரு தெர்மாகோல் பெட்டியில் வாங்கி வந்தேன். மருந்து நேராக ஐஸில் படக்கூடாது என்று அந்த அம்மாள் துணியில் சுற்றி வைத்தார்கள். ஃபிரிட்ஜ் மறுபடி ஓடும்வரை தினமும் இரண்டு வேளை ஐஸ் கொண்டுவந்தேன்.

முதல் தடவையாக என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தலையைக் குனிந்து நுழைந்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிஸ்கட் கொடுத்தார்கள். அவர் தன் பேரப்பிள்ளைகளின் போட்டோவைக் காட்டினார். மச்சினன் உட்காருகிற இடம் இதுதானா என்று மெத்தையைத் தடவிப் பார்த்தேன். அன்று வீட்டில், "உள்ள கூப்ட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். மனைவி சோறு போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் மச்சினன் வந்தான். நேராகத் தோப்புக்குத்தான் போயிருக்கிறான். வண்டிக்காரர் அவனிடம் சத்தம் போடவில்லையாம். கைகட்டி நின்று நாலு வார்த்தை சொன்னாராம். அந்த அம்மாள் வெளியே வரவே இல்லையாம். அவன் பேட்டரியை மொபெட்டில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. சிரிக்காத மச்சினனை அன்றுதான் பார்த்தேன்.

"அந்தம்மா மருந்து கெட்டிருந்தா இன்னா ஆவறதுன்னு கேக்கறாரு மாமா. என் கைய நம்பி வந்தாராம். இன்னா பதில் சொல்றது?"

பேட்டரியை மாட்டிவிட்டு, இன்ஜினை அதற்கென்றே மூன்று மணிநேரம் ஓடவைத்தோம். அவன் குழாயை விட்டுப் பார்த்தான். மிதவை வெள்ளைக்கு மேல் வரவில்லை. இன்னொரு பேட்டரியையும் எடுத்துவந்து பார்த்தான். அதுவும் அப்படியே. கீழே குந்திக்கொண்டான்.

"ஒரு செல்லு பூடும். ரெண்டு செல்லு பூடும். பன்னெண்டு செல்லும் ஒரே மேரி எப்டி மாமா கெடும்?"

அப்போது அவன் கண் என் லுங்கிக்கு வந்தது. வேலைக்கு அதையேதான் கட்டியிருந்தேன். தன் பேன்ட்டின் தொடையைப் பார்த்தான். அங்கேயும் அதே மாதிரிப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஆசிட் தெறித்த ஓட்டை. பேட்டரிக் கடைக்காரன் எவனைப் பார்த்தாலும் இருக்கும்.

"மாமா. இன்னா பண்ண?"

"முப்பது இருந்துச்சி" என்றேன். "கசந்து பூட்ச்சி. நீ ஓவரா ஏத்தி வெச்சிட்ட. நான்தான் எறக்கி இருவத்தஞ்சில வெச்சேன்."

அவன் புரியாமல் பார்த்தான். டிகிரி மீட்டரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். எப்படி எடுத்தேன், எவ்வளவு ஊற்றினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆயுசில் அவனிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கேட்டு முடித்ததும் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"யோவ் மாமா! அது இன்னா உப்புப் பாத்தியா? ஆசிட்டுய்யா! ஏத்த ஏத்த கனக்கும். முப்பது இருந்தாதான்யா ஃபுல்லு! நீ கசக்குதுன்னு தண்ணி பாய்ச்சிருக்க பாரு..."

நான் மீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். அவன் சிரிப்பு நின்றது.

"தொறக்காதன்னு சொன்னேனா, இல்லியா?"

"சொன்ன."

"அப்புறம் எதுக்கு தொறந்த?"

நீ உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டாய், அதனால் திறந்தேன் என்று நாற்பத்தைந்து வயது ஆள் எப்படிச் சொல்வது? அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் புதுச்சேரிக்குப் போய் ஆசிட் வாங்கி வந்தான். இரண்டு பேட்டரியிலும் நான் நீர்த்துவிட்டதை எடுத்துவிட்டு, கனமான ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஏற்றி, அளந்து, மறுபடி ஏற்றினான். இரண்டு நாள் ஆனது. மிதவை பச்சைக்கு வந்தது. நானும் என் மீட்டரை விட்டுப் பார்த்தேன். முப்பது.

வண்டியில் மாட்டிய அன்று ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. மச்சினன் அவரிடம் நிறையப் பேசினான். நான் தலையைக் குனிந்து நின்றேன். இப்போது என்னைக் கைகாட்டுவான், இப்போது அவர் என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மச்சினனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டார். அவன் செருப்பைக் கழற்றினான்.

திரும்பும்போது, "இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"பழைய ஆசிட்டு, வெயில்ல வீக் ஆயிட்ச்சி, நான் பாக்காம உட்டுட்டேன், சாரின்னு சொன்னேன். உன்னப் பத்தி சொல்லல. உடு மாமா. நீ பேசமாட்ட. நான்னா எதுனா பேசி சமாளிச்சிப்பேன்."

எத்தனை பேருக்கு இப்படி ஒரு மச்சினன் கிடைப்பான்? எனக்கு வயிறு எரிந்தது. வேலை அவனுடையது, பேச்சு அவனுடையது, நல்ல பெயர் அவனுடையது. மிச்சம் இருந்தது நான் செய்த தப்பு ஒன்றுதான். அதையும் அவன் எடுத்துக்கொண்டான். அதை எடுத்துக்கொண்டதால் இன்னும் நல்லவனாகிவிட்டான். அன்று என் வீட்டில் அவனுக்கு மீன் குழம்பு. அக்காவும் தம்பியும் பேசிச் சிரித்தார்கள். நடந்ததை அவன் அவளிடமும் சொல்லவில்லை என்று சாப்பிட்டு முடிக்கும்போதுதான் தெரிந்தது.

மறுநாள் இன்ஜினை நிறுத்தியதும் மூன்று பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் உப்பு பூக்கிற பாத்தித் தண்ணீர். ஒன்றில் வடித்துவிட வேண்டிய கசப்புத் தண்ணீர். ஒன்று காலி. டிகிரி மீட்டர், பைப், ஒரு பிடி உப்பு. தனியாகத் தோப்புக்கு நடந்தேன். இரண்டு தடவை பாதி வழியில் நின்றேன்.

வண்டிக்காரர் நிழலில் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசாமல் கீழே உட்கார்ந்து பைப்பில் முதல் தண்ணீரை ஊற்றி மீட்டரை மிதக்கவிட்டேன். இருபத்தைந்து. கோட்டைக் காட்டினேன். உப்பை அவர் உள்ளங்கையில் வைத்தேன். நல்லது என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த தண்ணீரை ஊற்றினேன். முப்பது. விரலால் தொட்டு என் நாக்கில் வைத்துக் காறித் துப்பினேன். அவரும் தொட்டு வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு பேட்டரிப் பெட்டியைக் காட்டினேன். மீட்டரில் முப்பதைக் காட்டினேன். காலிப் பாட்டிலைச் சாய்த்து மண்ணில் கொட்டுவதுபோலச் செய்தேன். தண்ணீர் விடுவதுபோலச் செய்தேன். கடைசியாக என் நெஞ்சைத் தொட்டேன். "மீ" என்றேன்.

அவர் பைப்பைப் பார்த்தார், பேட்டரிப் பெட்டியைப் பார்த்தார். புரிந்ததும் முகம் சிவந்தது. என்னவோ வேகமாகச் சொன்னார். கோபம்தான். அது புரிய இங்கிலீஷ் வேண்டியதில்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மாள் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு ரோட்டுப் பக்கம் பார்த்து மச்சினன் பெயரைச் சொன்னார்கள். அப்படியானால் அவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான் என்பதுதான் அது. அவன்மேல் அவர்களுக்கு இன்னும் மதிப்பு கூடிவிட்டது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதையும் நின்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பேட்டரி எடுக்கப் போனால், அவரே அதைக் கழற்றி என் சைக்கிளில் வைத்துக் கட்டினார். என்னிடம் கொடுக்கவில்லை. கூடவே வந்தார். கிளிப்பை அவரே மாட்டினார். காலி டிரம் மேல் உட்கார்ந்தார். பதினொன்றரை வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. என் கை பேட்டரிப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஐந்தாறு நாளில் ஒரு நோட்டு கொண்டுவந்தார். என் மீட்டரை வாங்கி ஒவ்வொரு பாத்தியாக என்னை நடத்திக்கொண்டு போய் அளந்து எழுதினார். எனக்கு ஒரு தொப்பி கொடுத்தார். மறுபடி டிரம் மேல் உட்கார்ந்து பேட்டரியைப் பார்த்தார்.

ஒருநாள் தண்ணீர் ஊற்ற வந்த மச்சினன், மொபெட்டை நிறுத்திவிட்டுத் தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வண்டிக்காரர் அவனுக்குக் கையை ஆட்டிவிட்டு மறுபடி நோட்டில் எழுதினார். நான் அவனிடம் போனேன்.

"இன்னா மாமா, டெய்லி உன்கூடவே குந்திக்கினு இருக்காராமே? அந்தம்மா சொன்னாங்க."

"ம்."

"இன்னாத்துக்கு?"

"என்மேல நம்பிக்க இல்ல. மறுபடியும் மூடிய தொறந்துடுவேன்னு காவல் காக்கறாரு."

அவன் என் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தான். டிரம்மைப் பார்த்தான்.

"என்மேலயும் கொஞ்சம் நம்பிக்க இல்லாம இருக்கச் சொல்லேன்" என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் டிஸ்டில் வாட்டர் கேனை என் கையில் கொடுத்து, கோட்டுக்கு மேல் ஊற்றாதே என்று சொல்லிவிட்டு, மொபெட்டை மிதித்துக் கிளப்பினான். தோப்புப் பக்கம் திரும்பாமல் நேராக ரோட்டில் ஏறிப் போனான்.